வழிகாட்டி நூல்கள் விட்டுவிட்ட மனிதர்கள்
(அமெரிக்க மேற்கு மலைகளின் பயண இலக்கியம் – ஒரு பார்வை)

ஒரு மலைக்கு வழி சொல்வதென்றால் என்னென்ன சொல்ல வேண்டும்? எந்தப் பக்கம் ஏறுவது, எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் பாறையில் கால் வழுக்கும், இவையெல்லாம் சொல்ல வேண்டும். அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டுமா?

நம்ம பழைய புலவரைக் கேட்டால், கட்டாயம் சொல்ல வேண்டும் என்பார். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்வதுதான் அதன் வேலை. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்பு இருக்கும், பாசி படிந்த வழுக்குப்பாறை இருக்கும் என்று எச்சரிக்கும் அதே மூச்சில், எந்தக் குடியில் போய் நின்றால் என்ன உணவு கொடுத்து உபசரிப்பார்கள் என்றும் சொல்லிவிடுகிறது. அந்த நூலுக்கு மலை என்றால் மலைமக்களும் சேர்ந்ததுதான்.

இதை இங்கே சொல்லக் காரணம், இதற்கு நேர்மாறான ஒரு வழிகாட்டி மரபும் உலகில் உண்டு என்பதைக் காட்டத்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி, அமெரிக்காவின் மேற்கு மலைகளைப் பற்றிக் கட்டுக்கட்டாகப் பயண நூல்களும் வழிகாட்டிகளும் வெளிவந்தன. இன்று பிள்ளையோ பெண்ணோ கலிபோர்னியாவில் வேலையில் இருந்தால், பார்க்கப் போகும் அப்பா அம்மாவை யோசெமிட்டிக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. திரும்பி வந்து காட்டும் படங்களில் பாறை இருக்கும், அருவி இருக்கும், மான் இருக்கும். ஊர் இருக்காது. ஆதியிலிருந்தே அது ஆளில்லாத காடு என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஆளில்லாத காடாக முதலில் எழுதப்பட்டது. பிறகு எழுதியபடியே ஆக்கப்பட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சுருக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

ஓர் ஏரிக்கு இரண்டு பெயர்

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டிலிருந்து உலகின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். சியரா நெவாடா மலையடிவாரங்களில் காலங்காலமாக வாழ்ந்துவந்த பூர்வகுடிகளுக்கும் வந்தவர்களுக்கும் மோதல் தொடங்கியது. 1851 மார்ச்சில் 'மரிப்போசா பட்டாளம்' என்ற தன்னார்வப் படை மலைவாழ் மக்களைப் பிடித்து அடிவாரத்துக்குக் கொண்டுவரக் கிளம்பியது. அப்படிப் போன இடத்தில்தான் அவர்கள் இன்றைய யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள்.

அங்கே வாழ்ந்தவர்கள் அந்த இடத்தை 'அவானி' என்றும் தங்களை 'அவானீச்சி' என்றும் சொன்னார்கள். 'யோசெமிட்டி' என்ற பெயரோ, படையோடு போன லஃபாயெட் பன்னல் என்பவரின் யோசனை. மக்களின் பெயரையே இடத்துக்கு வைக்கிறோம் என்று அவர் நினைத்தார். பிற்கால மொழியறிஞர்கள் ஆராய்ந்தபோது, அது அக்கம்பக்கத்து மீவோக் மக்கள் அவர்களைப் பற்றி அச்சத்தோடு சொன்ன சொல் என்றும், 'கொல்பவர்கள்' என்பது அதன் பொருள் என்றும் தெரியவந்தது. அடுத்த வீட்டுக்காரர் வைத்த பட்டப்பெயரை வீட்டு வாசலில் எழுதி மாட்டிய கதை!

பன்னல் 1880இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். யோசெமிட்டியின் கண்டுபிடிப்பு என்பதுதான் தலைப்பின் முதல் சொற்கள். மக்கள் குடியிருந்த ஊரைக் 'கண்டுபிடித்தது' எப்படி என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனிதர் எதையும் ஒளிக்கவில்லை. குடிசைகளுக்கும், குளிர்காலத்துக்குச் சேமித்து வைத்திருந்த ஓக் மரக் கொட்டைகளுக்கும் தீ வைத்ததை எழுதுகிறார். தலைவர் தெனாயாவின் மூன்று மகன்கள் பிடிபட்டதையும், அவர்களில் ஒருவன் தப்பியோட முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டதையும் எழுதுகிறார். அவர்கள் பிடிபட்ட இடத்துக்கு மேலே இருக்கும் பாறைக் கூட்டத்துக்கு 'மூன்று சகோதரர்கள்' என்று பெயர். இன்றைக்கும் வரைபடத்தில் அதே பெயர்தான்.

அதே நூலில் மறக்க முடியாத ஓர் இடம் வருகிறது. மேலே ஓர் அழகான ஏரிக்கரையில் தெனாயாவின் மக்கள் பிடிபடுகிறார்கள். அந்த ஏரிக்கு உம்முடைய பெயரையே வைக்கிறோம் என்று பன்னல் அவரிடம் சொல்கிறார். பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். தெனாயாவோ, இந்த ஏரிக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்கிறார். 'பைவியாக்' என்பது அந்தப் பெயர்; சுற்றியுள்ள பளபளக்கும் பாறைகளைக் குறித்தது. கேட்டுவிட்டும், புதுப் பெயர்தான் நின்றது. இன்றும் அது தெனாயா ஏரி. ஊரை எடுத்துக்கொண்டு பெயரைக் கௌரவமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஹட்சிங்ஸின் வியாபாரம்

பட்டாளம் போன வழியில் நான்கே ஆண்டுகளில் சுற்றுலா வந்துவிட்டது. ஜேம்ஸ் மேசன் ஹட்சிங்ஸ் இங்கிலாந்தில் பிறந்தவர். தங்கம் தேடி வந்து, எழுத்தில் இறங்கியவர். 1855இல் தாமஸ் அயர்ஸ் என்ற ஓவியரையும் சேர்த்து ஒரு சிறு குழுவோடு பள்ளத்தாக்குக்குக் கிளம்பினார். வழி தெரிந்த வெள்ளையர் யாரும் அகப்படவில்லை. கடைசியில் வழிகாட்டியவர்கள் இரண்டு பூர்வகுடி ஆட்கள். முதல் சுற்றுலாப் பயணத்துக்கு வழி சொன்ன அவர்களுடைய பெயர்கள் வழிகாட்டி நூல்களின் வரலாற்றில் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அயர்ஸ் வரைந்த அருவி கல்லச்சுப் படமாக வெளிவந்தது. 1856இல் ஹட்சிங்ஸ் ஒரு மாத இதழைத் தொடங்கினார். கலிபோர்னியாவின் அதிசயக் காட்சிகள் என்ற பொருளில் நூலும் போட்டார். எத்தனை மைல், எங்கே குதிரை மாற்றுவது, எங்கே தங்குவது, எந்த அருவியை எந்த நேரத்தில் பார்ப்பது என்று எல்லாம் அதில் உண்டு. 1864இல் பள்ளத்தாக்கிலேயே ஒரு விடுதியை வாங்கி நடத்தவும் தொடங்கினார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரர்: நூலைப் படித்துவிட்டு வருபவர் அவர் விடுதியில்தானே தங்க வேண்டும்!

ஆனால் அதே 1864 ஜூன் 30ஆம் தேதி, உள்நாட்டுப் போரின் நடுவே, குடியரசுத் தலைவர் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் மரிப்போசா பெருமரத் தோப்பும் பொதுமக்களின் பயன்பாட்டுக்காகக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டன. தேசியப் பூங்கா என்ற எண்ணத்துக்கு அது ஒரு முன்னோடி. ஹட்சிங்ஸ் நிலம் தமக்கே என்று வழக்காடி, 1872இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஒரு குடியேறியின் எட்டாண்டு உரிமைக்கு உச்ச நீதிமன்றம் வரை விசாரணை நடந்தது. அவானீச்சி மக்களின் உரிமையைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை.

அறிஞர்களின் கையேடுகள்

அடுத்து வந்தவர்கள் அறிவியலாளர்கள். மாநிலப் புவியியலாளர் ஜோசையா விட்னி 1868இல் 'யோசெமிட்டி புக்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். கார்ல்டன் வாட்கின்ஸின் அசல் புகைப்படங்களை ஒட்டி, 250 பிரதிகள் மட்டும் போட்டார்கள். பயணிகள் கையில் கொண்டுபோகும்படியான பதிப்பு 1869இல் வந்தது. கண்டம் கடக்கும் ரயில் பாதையும் அதே ஆண்டு மே மாதம் இணைந்தது. நூலும் ரயிலும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? கிழக்கிலிருந்து பயணிகள் வரத் தொடங்கினார்கள். 1874இல் பள்ளத்தாக்கின் தரை வரை வண்டிப் பாதை வந்தது.

அச்சில் வந்துவிட்டால் அது உண்மை என்று நம்பும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு நல்ல உதாரணம் கிளாரன்ஸ் கிங். விட்னியின் குழுவில் வேலை செய்தவர். 14,505 அடி உயரமுள்ள விட்னி சிகரத்தில் 1871இல் ஏறிவிட்டதாக நம்பி, 1872இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற மலையேற்ற நூலில் அதை எழுதினார். மேகமூட்டத்தில் அவர் ஏறியது பக்கத்தில் இருந்த வேறொரு சிகரம் என்று 1873இல் தெரிந்துபோயிற்று. கிங் அலறியடித்துக்கொண்டு கலிபோர்னியாவுக்குத் திரும்பி வந்து, செப்டம்பரில் உண்மையான சிகரத்தில் ஏறினார். ஆனால் ஒரு மாதத்துக்கு முன்பே, அந்தப் பக்கம் மீன் பிடிக்கப் போன மூன்று பேர் சாவகாசமாக ஏறி இறங்கியிருந்தார்கள்! நூலின் அடுத்த பதிப்பில் கிங் திருத்தம் செய்தார். சிகரத்தைப் பற்றிய தவறுக்கு ஓரிரு ஆண்டுகளில் திருத்தம் வந்துவிட்டது. மனிதர்களைப் பற்றிய தவறுக்குத் திருத்தம் வர நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

ஜான் மியூர்: மலையைக் காத்த எழுத்து

இந்த மரபின் மிகப் பெரிய பெயர் ஜான் மியூர். 1838இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1868இல் சியராவுக்கு வந்தார். 1869 கோடையில் ஏறக்குறைய 2,000 செம்மறிகள் கொண்ட மந்தையோடு உயர்மலைக்குப் போனார். பிறகு ஹட்சிங்ஸின் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். பள்ளத்தாக்கின் அடித்தளம் அப்படியே இறங்கிப்போனதால்தான் அந்தச் செங்குத்துப் பாறைகள் உண்டாயின என்று விட்னியின் கையேடு சொன்னது. இல்லை, பனியாறுகள் செதுக்கியவை என்றார் ஆலைத் தொழிலாளியான மியூர். 1871இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கட்டுரையும் எழுதினார். பனியாறுகளின் பங்கைப் பொறுத்தவரை பிற்கால ஆய்வு மியூரின் பக்கமே நின்றது.

அவர் எழுத்தின் பலன் சாதாரணமானதல்ல. 1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா உருவானதற்கு அவருடைய கட்டுரைகள் பெருந்துணை. 1892இல் சியரா கிளப் தொடங்கினார். 1912இல் வந்த 'தி யோசெமிட்டி' நூலில், ஒரு நாள் இருந்தால் எங்கே போவது, இரண்டு மூன்று நாள் இருந்தால் எங்கே போவது என்று வழிகாட்டியாகவே ஓர் அத்தியாயம் எழுதினார். ஆடுகளும் அரங்களும் அழித்திருக்கக்கூடிய மலைகள் இன்று நிற்கின்றன என்றால், அந்தக் கடனை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே பேனா மனிதர்களைப் பார்த்தபோது சுருங்கிவிட்டது. 1869 கோடையைப் பற்றி 1911இல் வெளியிட்ட நூலில், மலைக்கணவாயில் எதிர்ப்பட்ட மோனோ மக்களை அழுக்கானவர்கள் என்று முகம் சுளித்து எழுதுகிறார். தூய்மையான இயற்கையில் அவர்களுக்கு இடம் இல்லை என்ற தொனி அவர் எழுத்தில் இருக்கிறது. அணிலுக்கும் ஊசியிலை மரத்துக்கும் பக்கம் பக்கமாக அன்பைக் கொட்டியவர் அவர்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பயணிகள் வியந்த பூங்கா போன்ற திறந்த புல்வெளிகள் தானாக அமைந்தவை அல்ல. அவானீச்சி மக்கள் காலந்தோறும் சிறு தீ வைத்துப் புதர்களை அகற்றி, ஓக் மரங்களையும் புல்லையும் பேணி வந்ததன் விளைவு அவை. இதைப் புரிந்துகொண்டவர் கேலன் கிளார்க். நுரையீரல் நோயோடு மலைக்கு வந்து, 95 வயது வரை வாழ்ந்தவர்; யோசெமிட்டியின் முதல் அதிகாரபூர்வக் காவலர். தாம் வந்த காலத்தில் திறந்த புல்வெளி நான்கு மடங்கு அதிகமாக இருந்தது என்றும், பூர்வகுடிகளின் தீ நின்றபின் புதர் மண்டிவிட்டது என்றும் 1894இல் எழுதினார். 90 வயதில், 1904இல், அவர் வெளியிட்ட நூல் யோசெமிட்டிப் பூர்வகுடிகளைப் பற்றியது. அதன் பின்னிணைப்பில் பயணிகளுக்கான குறிப்புகளையும் சேர்த்தார். மக்களும் வழியும் ஒரே நூலில் வந்த அரிய உதாரணம் இது. இப்படிப்பட்டவர் சொன்னதை அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1970 முதல் பூங்கா நிர்வாகமே திட்டமிட்டுத் தீ வைக்கத் தொடங்கியது!

யெல்லோஸ்டோனில் ஒரு கட்டுக்கதை

1872இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட யெல்லோஸ்டோனுக்கு அடுத்த ஆண்டே வழிகாட்டி நூல் வந்தது. பின்னர் நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனி 'வொண்டர்லேண்ட்' என்ற பெயரில் வண்ண அட்டையோடு ஆண்டுதோறும் நூல்கள் வெளியிட்டது. இங்கே ஒரு வசதியான கதை பரப்பப்பட்டது: கொதிநீர் ஊற்றுகளுக்குப் பயந்து செவ்விந்தியர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை என்று. பயணிகள் பயமில்லாமல் வரவேண்டும் அல்லவா! உண்மை என்ன? 'ஆடு உண்போர்' எனப்பட்ட தூகுதிகா மக்கள் அங்கேயே வாழ்ந்தவர்கள். மலையாட்டுக் கொம்பால் வலிமையான வில் செய்வதில் பெயர் பெற்றவர்கள். அங்கே கிடைக்கும் எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செய்த கருவிகள், வெகு தொலைவில் உள்ள ஒஹையோவின் பழம் மேடுகளில் கிடைத்திருக்கின்றன. பயந்து ஒதுங்கியவர்களின் கல் அவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று?

இரண்டு வழிகாட்டிகள்

ராக்கி மலைகளைப் பற்றிய நூல்களில் இன்றும் அலுக்காமல் படிக்கக்கூடியது இசபெல்லா பேர்டின் நூல். இங்கிலாந்துப் பெண்மணியான இவர் 1873இன் இலையுதிர் காலத்தில், தன்னந்தனியாகக் குதிரையில் கொலராடோவைச் சுற்றினார். 14,000 அடிக்கு மேல் உயர்ந்த லாங்ஸ் சிகரத்தில், 'ராக்கி மவுண்டன் ஜிம்' என்ற ஒற்றைக்கண் மலைவாசியின் துணையோடு ஏறினார். பாதி வழி அவர் தன்னை மூட்டை போல் இழுத்துச் சென்றதாகக் கூச்சமில்லாமல் எழுதுகிறார். தங்கைக்கு எழுதிய கடிதங்களே 1879இல் நூலாயின. பிற்பாடு இவர் நம் நாட்டுக்கும் வந்து, காஷ்மீரில் கணவர் நினைவாக ஒரு மருத்துவமனை அமையக் காரணமானார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

அவர் ஏறிய எஸ்டஸ் பார்க் பகுதி அரப்பாஹோ மக்களின் வேட்டை நிலம். அவர் வருவதற்குள் அவர்கள் பெரும்பாலும் துரத்தப்பட்டுவிட்டார்கள். எனவே அவர் கண்ணுக்கு அது புதிய, பெயரற்ற அழகாகவே தெரிந்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. தேசியப் பூங்கா வேண்டுமென்று முயன்றுகொண்டிருந்த கொலராடோ மலையேற்றச் சங்கத்தார், இந்த இடங்களின் பழைய பெயர்களைத் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். 1914 ஜூலையில் வயோமிங் மாநிலத்துக் குடியிருப்பிலிருந்து அரப்பாஹோ முதியவர்கள் இருவரையும் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் அழைத்துவந்தார்கள். இரண்டு வாரம் குதிரையில் மலை முழுக்கச் சுற்றினார்கள். முதியவர்கள் சொல்லச் சொல்ல, ஆலிவர் டால் என்ற இளைஞர் எழுதிக்கொண்டார். எந்தச் சரிவில் கழுகு பிடித்தார்கள், எந்தப் பாதையைக் குழந்தைகள் நடந்து கடக்க வேண்டியிருந்தது, எங்கே சண்டை நடந்தது என்று ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரு கதை இருந்தது. 'கோடை காணாத மலைகள்' என்று பொருள்படும் பெயர் உட்பட சில பெயர்கள் வரைபடத்தில் ஏறின. 1915இல் பூங்காவும் அமைந்தது. ஆனால் அந்தக் குறிப்புகள் நூலாக வெளிவந்தது 1962இல்தான்.

லாங்ஸ் சிகரத்தையும் அருகிலுள்ள மீக்கர் சிகரத்தையும் சேர்த்து அரப்பாஹோ மக்கள் வைத்திருந்த பெயரின் பொருள் என்ன தெரியுமா? 'இரண்டு வழிகாட்டிகள்.' சமவெளியில் நெடுந்தூரத்திலிருந்தே தெரிந்து, வருபவருக்கு வழி காட்டியவை அவை. அச்சு வழிகாட்டிகள் வருவதற்கு முன்பே மலையே வழிகாட்டியாக இருந்திருக்கிறது.

நூலிலிருந்து சட்டத்துக்கு

எழுதியவர்கள் எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. மலைக்காக உயிரையே கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. வால்டர் ஸ்டார் என்ற 30 வயது வழக்கறிஞர், ஜான் மியூர் நெடும்பாதைக்கு மைல் மைலாக நடந்து குறிப்பெடுத்தார். 1933 ஆகஸ்டில் தனியாக ஏறப் போனவர் திரும்பவில்லை. மற்றவர்கள் தேடுவதை நிறுத்திய பிறகும் நார்மன் கிளைட் என்ற மலையேறி விடாமல் தேடி உடலைக் கண்டுபிடித்தார். மகனின் குறிப்புகளை அப்பா முடித்துக் கொடுக்க, 1934இல் நூல் வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாக மலையேறிகள் அதைப் பையில் வைத்து நடந்தார்கள்.

ஆனால் நூல்கள் வளர்த்த எண்ணம் நூலோடு நிற்கவில்லை. 1964இல் அமெரிக்கா இயற்றிய காட்டுநிலச் சட்டம், மனிதன் வந்து போகும் விருந்தாளியாக மட்டுமே இருக்கும் நிலம் என்று காட்டுக்கு இலக்கணம் வகுத்தது. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் பூர்வகுடியினரின் கடைசிக் குடியிருப்பு 1969இல் அகற்றப்பட்டது.

இந்த இலக்கணத்தை உரக்கக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் நமக்கு நெருங்கியவர். டேராடூனில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரை அது. ஆளில்லாக் காடு என்ற அமெரிக்க எண்ணத்தை இந்தியா போன்ற நாடுகளில் அப்படியே நட்டால், புலியைக் காப்பதன் பெயரால் ஏழைக் குடியானவர்தான் நிலத்தை இழப்பார் என்று அவர் வாதிட்டார். அமெரிக்காவில் பெரிய சர்ச்சையே கிளம்பியது. 1995இல் வில்லியம் குரோனன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியரும் காட்டுநிலம் என்ற கருத்தே மனிதன் உண்டாக்கியதுதான் என்று எழுதினார். நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியை ஒப்புக்கொண்டது. 2020இல் சியரா கிளப்பே தன் நிறுவனர் மியூர் கறுப்பின மக்களையும் பூர்வகுடிகளையும் இழிவாக எழுதியதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

பிறந்த ஊரை விட்டு வந்து வேறு மாநிலத்தில் வேரூன்றிய நமக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. வந்த இடத்தைப் பற்றி வந்தவர் எழுதுவது தவறில்லை; பல சமயம் உள்ளூர்க்காரர் பார்க்காததை அவர்தான் பார்க்கிறார். ஆனால் எழுதுவதற்கு முன் அந்த ஏரிக்கு ஏற்கெனவே பெயர் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, பன்னலும் கேட்கத்தான் செய்தார். கேட்டதை எழுதி வைக்கவும் வேண்டும். அடுத்த முறை யோசெமிட்டிக்கோ, முதுமலைக்கோ, கான்ஹாவுக்கோ பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, மான் எங்கே, புலி எங்கே என்று கேட்பதோடு, இங்கே இருந்தவர்கள் எங்கே என்றும் கேட்கச் சொல்லிக் கொடுப்போம்.